போர்வை போடும் நேரம், எடுக்கும் நேரம்

பண்ணைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

இந்த ஐப்பசியிலும் நம் குட்டைக் குதிரைகளுக்கு முடி எடுத்தாயிற்று என்று தேவராஜ் சொன்னார். புரட்டாசிப் புழுக்கத்தில் தோலில் படை வந்திருக்கும். மருந்து தோலில் பட வேண்டுமென்றால் அந்த அடர்ந்த முடியை மழித்துத்தான் ஆக வேண்டும். கால்நடை டாக்டரம்மா சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் முடி எடுப்பது ஒரு காலை வேலை. அது திரும்ப வளரும்வரை குதிரையைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தீனி, குளம்பு, கொட்டகைச் சுத்தம் எல்லாவற்றையும் தேவராஜே காட்டிக் கொடுத்துவிடுவார்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. என் பெயர் எஸ்தர். காஞ்சிபுரம் ஓரிக்கைக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் பார்த்திபன் சார் இந்தப் பண்ணையைத் தொடங்கியபோது சமையல்கட்டு வேலைக்கு வந்தவள். அப்போது முயலும் வாத்தும்தான் இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பிறகு சார் மூன்று குட்டைக் குதிரைகளை வாங்கி வந்தார். வளர்ந்த குதிரைகள்தான், ஆனால் என் இடுப்புக்குக்கூட வராது. பார்த்துக்கொள்ள வந்த ஆள் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. "எஸ்தர், வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்க" என்றார் சார். வேறு ஆள் கிடைக்கவே இல்லை. நான் ஓய்வு பெறுகிறவரை அந்தக் கொட்டகையில்தான் இருந்தேன்.

மூன்றில் ராணி மூத்தவள். மெலிந்த உடம்பு, கோடை வந்தாலும் உதிராத முடி. சுண்டு சாது, எங்கே நிறுத்தினாலும் நிற்பான். பட்டாணிக்கு யாராவது பக்கத்தில் நின்றாலே பிடிக்காது, கால் தூக்கிவிடுவாள்.

முதன்முதலில் மூன்றுக்கும் முடி எடுத்த அன்று, போர்வை தைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது வேன் ஓட்டும் தேவராஜ் சிரித்துவிட்டார்.

"காஞ்சிபுரத்துல இன்னா டாக்டர் குளிரு? மார்கழிலயே நான் ஃபேன் போட்டுக்கினு தூங்குறேன்."

டாக்டரம்மா என்னைவிட ரொம்பச் சின்னவர். கோபப்படவில்லை. ஒரு துணியை நனைத்து, சட்டையைக் கழற்றிய தேவராஜின் முதுகில் போர்த்தி, தீவனம் தூற்றும் பெரிய விசிறிக்கு முன்னால் நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தேவராஜ் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"இது ஃபேன் காத்துதான். ஐப்பசில மழையும் சேந்து அடிக்கும். முடி இருக்கிற வரைக்கும் அது தன்னைத்தானே பாத்துக்கும். நாம எடுத்துட்டோம், அதனால அந்த வேலை இப்ப நம்மளது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்களுக்குக் குளிருதான்னு பாத்து போர்வை போடாதீங்க. போர்வைக்குள்ள கைய வுட்டு, தோள்பட்டைக்குப் பின்னால தொட்டுப் பாருங்க. காதோட அடிப்பக்கம் தொட்டுப் பாருங்க" என்றார்.

கூடாரத்துணி தைக்கிற தையல்காரரிடம் மூன்று போர்வைகள் தைத்தோம். உள்ளே கம்பளி, வெளியே கித்தான். போடுவது சுலபமாக இருந்தது. எடுப்பதுதான் கஷ்டம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், கவனியுங்கள். காலையில் தூறல் போட்டால் பாவப்பட்டுப் போர்த்திவிடுவோம். பதினோரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். பிள்ளையைப் போர்த்தின மாதிரி அழகாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிடுவோம். உள்ளே வியர்த்து, அந்த வியர்வையிலேயே படை மறுபடி வரும். மாலைக் காற்றில் அந்த ஈரமே குளிராக மாறும். போர்வை போட்டுவிட்டோம் என்ற நிம்மதி இருக்கிறதே, அதுதான் ஆபத்து. அந்த ஐப்பசி முழுக்க நானும் தேவராஜும் ஒரு நாளில் எத்தனை தடவை போட்டோம், எத்தனை தடவை எடுத்தோம் என்று கணக்கே கிடையாது.

இனி நான் சொல்லவந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரம் என்பவர் பட்டுக்கடை திறந்தார். பார்த்திபன் சாரின் நெடுநாள் சிநேகிதர். திறப்பு விழாவில் கடை வாசலில் மூன்று குட்டைக் குதிரைகளும் பட்டுப் போர்த்தி நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. டிவி சீரியலில் நடிக்கும் ஒரு அம்மா வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. முடி எடுத்து அதிக நாள் ஆகவில்லை. நான் டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"காய்ஞ்ச நாளா இருந்தா போலாம். மழை வர்ற மாதிரி தெரிஞ்சா ஏத்திக்கினு வந்துடுங்க. அங்க யாரையும் கேட்டுக்கினு நிக்காதீங்க" என்றார்.

இதை அப்படியே சாரிடம் சொன்னேன். "சரி எஸ்தர், அங்க நீ சொல்றதுதான்" என்றார்.

அன்று காலை வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. போர்வைகளை பிளாஸ்டிக் உறையில் சுற்றி வேனில் வைத்தோம். கடைத் தெருவில் கூட்டத்துக்காகத் தடுப்பு போட்டிருந்தார்கள். வேனைப் பின்பக்கச் சந்து தாண்டி நிறுத்திவிட்டு, குதிரைகளை நடத்திக்கொண்டு போனோம்.

ஏகாம்பரம் வாசலிலேயே நின்று வரவேற்றார். நல்ல மனிதர், அன்று பதற்றத்தில் இருந்தார். குதிரைகளுக்கென்று குங்கும நிறப் பட்டில் மூன்று விரிப்புகள் வைத்திருந்தார். அகலமான சரிகை பார்டர், உள்ளே தடிமனான லைனிங், கட்டுவதற்குப் பட்டுக் கயிறு. பந்தல்காரர்கள் கட்டிவிட்டு, ராணியின் முடிச்சுகள்மேல் மட்டும் பூச்சரத்தைச் சுற்றித் தைத்துவிட்டார்கள். அவளைத்தான் நடுவில் நிறுத்தினார்கள்.

நடிகை வரவில்லை. வெயில் ஏறியது. நான் விரிப்புக்குள் கையை விட்டேன். ஈரம்.

"சார், அவங்க வர்ற வரைக்கும் இதைக் கழட்டி வைக்கிறேன். உள்ள வேர்த்துப் போச்சு" என்றேன்.

"இதோ செங்கல்பட்டு தாண்டிட்டாங்களாம்மா. கழட்டினா மடிப்பு வுழும்."

"மடிப்பு வுழட்டும் சார். வேர்வைல பட்டும் கறையாவும்."

அது அவருக்குப் புரிந்தது. சுண்டுவின் விரிப்பையும் பட்டாணியின் விரிப்பையும் கழற்றி மடித்துக் கொடுத்தேன். ராணியிடம் வந்து பூத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தபோது கிழக்கேயிருந்து ஒரு காற்று வந்தது. சில்லென்ற காற்று. பந்தல் துணி ஒரு முறை உப்பி அடங்கியது. திரும்பிப் பார்த்தால் தெருக்கோடியில் வானம் கன்றிப் போயிருந்தது.

தேவராஜை வேன் எடுக்க அனுப்பினேன். பார்த்திபன் சாருக்குப் போன் செய்தேன். அவர் நடிகையின் காரோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"சார், மேகம் ஏறிக்கினு வருது. நான் கெளம்புறேன்."

"எஸ்தர், ஒரு பத்து நிமிஷம்மா. வந்துட்டோம்."

"டாக்டரம்மா சொன்னதுதான் சார். கெளம்புறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் தேவராஜ் இன்னொரு அழைப்பில் வந்தார். "அக்கா, இந்தப் பக்கமும் தடுப்பைப் போட்டுட்டாங்க. வேன் உள்ள வராது. நடத்திக்கினுதான் வரணும்."

மூன்று கயிறுகளையும் கையில் எடுத்தேன். அதற்குள் மழை இறங்கிவிட்டது.

ஐப்பசி மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூறல், சாரல் என்று முறை வைத்து வரவில்லை. மொத்தமாக வந்தது. பந்தல் துணி தண்ணீரைத் தாங்கித் தாங்கிக் கடைசியில் ஒரு பக்கம் சரிந்து, தேங்கியிருந்த அத்தனையும் குதிரைகள் மேல் கொட்டியது. ஏற்கெனவே வியர்த்திருந்த உடம்பு. முடி இல்லாத தோல். அதன்மேல் காற்று. ராணியின் பட்டு விரிப்பு அவள் விலாவோடு ஒட்டிக்கொண்டது. அவள் நடுங்க ஆரம்பித்தாள். முதலில் தொடையில், பிறகு உடம்பு முழுவதும்.

"உள்ள இட்டாங்கம்மா, ஷோரூம்ல நிறுத்துங்க" என்று ஏகாம்பரம் கதவைத் திறந்து பிடித்தார். அன்று திறக்கவிருந்த புதுக் கடைக்குள் மூன்று நனைந்த குதிரைகளை விட முன்வந்தார். அதை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் பளபளவென்று பளிங்குத் தரை. சுண்டு ஒரு காலை வைத்ததுமே வழுக்கி முட்டி போட்டான். உள்ளேயிருந்து ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. அவனை வெளியே இழுத்துக்கொண்டேன்.

வேனுக்கு ஓடலாம். சந்து முழுக்க எதிர்க்காற்று. சுண்டுவும் பட்டாணியும் வந்துவிடுவார்கள். ராணி வர மாட்டாள். இரண்டடி நடத்திப் பார்த்தேன், கால் பின்னியது. அங்கேயே நிற்கவும் முடியாது. இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அப்போது சுற்றியிருக்கும் வாய்களைப் பார்க்காதீர்கள், குதிரையைப் பாருங்கள். அதற்கு முதலில் வேண்டியது என்ன என்று ஒன்றே ஒன்றைக் கண்டுபிடியுங்கள். ராணிக்கு முதலில் வேண்டியது, அந்த ஈரத்துணி உடம்பிலிருந்து போக வேண்டும்.

பட்டுக் கயிறு நனைந்தால் முடிச்சு கல் மாதிரி இறுகிவிடும். அதன்மேல் பூத் தையல் வேறு. பந்தல்காரரின் இடுப்பிலிருந்த கத்தியைக் கேட்டு வாங்கினேன்.

"அம்மா, அறுக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க, அவுத்துடலாம்" என்றார் ஏகாம்பரம்.

"பொறுக்க நேரமில்ல சார்."

மார்புக் கயிற்றை அறுத்தேன். வயிற்றுக் கயிறு கத்திக்கு வரவில்லை. கயிறு தைத்திருந்த இடத்திலேயே கத்தியை வைத்து இழுத்தேன். சரிகை பார்டரோடு கிழிந்தது. அந்தச் சத்தம் மழையிலும் கேட்டது. ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எதிர்வரிசையில் ஒரு தறிவீடு. விழாவை வேடிக்கை பார்க்க வாசலில் நின்றிருந்த அம்மா இன்னும் அங்கேயே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இடைகழி போல நீளமான, காற்று புகாத நடை தெரிந்தது. கிழிந்த பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று கயிறுகளோடும் தெருவைக் கடந்தேன்.

"அம்மா, உங்க நடையில கொஞ்ச நேரம் நிறுத்திக்கட்டுமா? இது செத்துப் போயிடும் போல இருக்குது."

அவர் பெயர் சரஸ்வதி என்று பிறகுதான் தெரியும். என்னைப் பார்த்தார், குதிரைகளைப் பார்த்தார், உள்ளே திரும்பிப் பார்த்தார். நடையின் முடிவில் கதவில்லாத வாசல். அதற்கப்புறம் தறிக்கூடம். அவருடைய வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்திருந்தார்.

"தறில கல்யாணப் புடவ ஏறி இருக்குதுமா. பாவு நூலுல தண்ணி தெறிச்சா அவ்ளோதான், மாசக்கணக்குல செஞ்ச வேல" என்றார் சரஸ்வதி.

"நடையத் தாண்ட வுட மாட்டேன். கயிறு என் கைல இருக்குது."

"குதிரை ஒதறுமே?"

நனைந்த குதிரை உடம்பை உதறத்தான் செய்யும். "ஒதறும்மா" என்றேன். "நீங்க வேணாம்னா போயிடறேன்."

அவர் உள்ளே பார்த்து, "ஏங்க, தறிய மூடுங்க. பெரிய தார்ப்பாய எடுத்து அந்த வாசல்ல புடிங்க" என்று குரல் கொடுத்துவிட்டு என்னிடம், "சீக்கிரம் வாம்மா, கதவ சாத்தணும்" என்றார்.

அவர் கணவர் தறிமேல் துணியை இழுத்துப் போட்டுவிட்டு, தார்ப்பாயை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலை மறைத்து நின்றார். அவர் நின்றதும் பட்டாணி உதறினாள். தார்ப்பாயில் சடசடவென்று தண்ணீர் அடித்தது. அந்த மனிதர் அசையவில்லை. "இன்னும் எத்தினி இருக்குது?" என்று மட்டும் உள்ளிருந்து கேட்டார். "இன்னும் ரெண்டு" என்றேன்.

தெருக்கதவைச் சாத்தியதும் காற்று நின்றது. பாதி உயிர் அப்போதே வந்தது போல் இருந்தது. தேவராஜ் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். போர்வைகளை எடுத்துவர அவரை வேனுக்குத் திருப்பி அனுப்பினேன். சரஸ்வதி பழைய வேட்டிகளைக் கொண்டுவந்தார். இரண்டு பேருமாகத் துடைத்தோம். ஒத்தி எடுப்பதல்ல, எதிர்ப்பக்கமாக அழுத்தித் தேய்ப்பது. அப்போதுதான் ரத்தம் ஓடும். நடையில் இரண்டு காலிச் சாக்குகள் இருந்தன. அவற்றை நேரே தோல்மேல் போட்டால் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். நடுவில் காற்றுக்கு இடம் வேண்டும். பண்ணையாக இருந்தால் வைக்கோல் வைத்திருப்பேன்.

"பக்கத்து வூட்டுல வைக்கோல் கெடைக்குமாம்மா?"

"இந்தத் தெருவுல வைக்கோலுக்கு எங்க போறது? பூக்கடைல மாலை கட்டுற வாழச்சருகு இருக்கும்."

அவரே தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போய் ஒரு கட்டு காய்ந்த வாழைச்சருகு வாங்கி வந்தார். ராணியின் முதுகிலும் விலாவிலும் சருகைப் பரப்பி, மேலே சாக்கைப் போட்டுக் கட்டினோம்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி, மாடத்தில் வைத்தேன். நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ராணியின் நடுக்கம் நின்றது.

"நின்னுடுச்சு டாக்டர்" என்றேன். சரஸ்வதியின் முகம் மலர்ந்தது.

"காதைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சில்லென்று இருந்தது. தோள்பட்டைக்குப் பின்னாலும் அப்படியே.

"சூடு வந்து நின்னா நல்லது. சூடு வராமலே நின்னா, நடுங்கக்கூட தெம்பு இல்லன்னு அர்த்தம்" என்றார் டாக்டரம்மா. அவர் குரலும் மாறிவிட்டது. "காஞ்ச சூடு எதாவது குடுக்கணும். நான் வாலாஜாபாத் பக்கத்துல ஒரு மாட்டைப் பாத்துக்கினு இருக்கேன், வர நேரமாகும். தீ மூட்டாதீங்க, மூடின எடம். வெதுவெதுன்னு தண்ணி குடிக்குதான்னு பாருங்க. லைன்லயே இருங்க."

காய்ந்த சூட்டுக்கு நான் எங்கே போவேன்? பட்டாணி என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூச்சு சுட்டது. திரும்பி அவள் விலாவைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தாள். சுண்டுவும் அப்படித்தான். இளம் உடம்பு, துடைத்ததுமே சூடேறிவிட்டது.

நடை குறுகலானது. மூன்று குட்டைக் குதிரைகள் அருகருகே நின்றால் ஒன்றையொன்று நெருக்கும். ராணியின் இடப்பக்கம் சுண்டுவை நிறுத்தலாம், பிரச்சினை இல்லை. வலப்பக்கம் பட்டாணி. அவள் உதைத்தால், அந்த நிலையில் ராணி விழுந்துவிடுவாள். விழுந்தால் எழ மாட்டாள்.

சரஸ்வதியிடம் சொன்னேன். "அம்மா, நீங்க சுண்டுவ சுவரோட தள்ளிப் புடிங்க. நான் இவளப் புடிச்சிக்கிறேன். இவ காலத் தூக்கினா நீங்க கயிற வுட்டுட்டு உள்ள போயிடுங்க."

"நீ?"

"நான் நடுவுல இருக்கேன்."

பட்டாணியின் தலையை என் மார்போடு அணைத்துப் பிடித்து, அடி அடியாகப் பின்னுக்கு நகர்த்தி, அவள் விலா ராணியின் விலாவில் படும்படி நிறுத்தினேன். காதைப் பின்னுக்கு மடித்தாள். தோல் விறைத்தது. நான் அவள் காதோரம் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று தெரியாது. ஜெபமும் திட்டும் கலந்திருக்கும். அவள் காலைத் தூக்கவில்லை. ராணியின் தலை மெதுவாக இறங்கி, பட்டாணியின் கழுத்தில் சாய்ந்தது.

எவ்வளவு நேரம் நின்றோமோ. ராணி மறுபடி நடுங்க ஆரம்பித்தாள். சரஸ்வதி பயந்துவிட்டார். டாக்டரம்மா போனில், "நல்லது, நடுங்கட்டும், விடுங்க" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் குறைந்தது. இந்த முறை காதின் அடியில் கை வைத்தபோது லேசான சூடு இருந்தது. சரஸ்வதியின் கணவர் தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து, "தண்ணி சூடா இருக்குது, வேணுமா?" என்றார். குதிரைகள் உதறி முடித்ததும் தார்ப்பாயை வாசலில் கட்டிவிட்டு, அடுப்பில் அவரே வைத்திருக்கிறார். விளாவிக் கொடுத்தோம். ராணி மூக்கை நனைத்தாள். பிறகு குடித்தாள்.

தேவராஜ் போர்வைகளையும் ஒரு கட்டு புல்லையும் கொண்டுவந்தார். சருகையும் சாக்கையும் எடுத்துவிட்டு, காய்ந்த கம்பளிப் போர்வையை ராணிக்குப் போட்டோம். மற்ற இரண்டுக்கும் போட்டோம்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மழை எப்படி வந்ததோ அப்படியே நின்றது. மேகம் விலகி வெயில் வந்தது. தெருவிலிருந்து ஆவி எழும்பியது. சாத்தின நடைக்குள் புழுங்கத் தொடங்கியது. நான் சுண்டுவின் போர்வையையும் பட்டாணியின் போர்வையையும் எடுத்தேன்.

"இப்பதான போட்டோம் அக்கா?" என்றார் தேவராஜ்.

"இதுங்களுக்கு இப்ப வேணாம். ராணிக்கு இருக்கட்டும்."

ஒரே நடை, ஒரே மழை, ஒரே வெயில். ஆனால் மூன்று உடம்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முடிவு எடுப்பது நமக்கு வசதி, அவற்றுக்கு இல்லை.

கதவு தட்டப்பட்டது. ஏகாம்பரமும் பார்த்திபன் சாரும் நின்றிருந்தார்கள். நடிகை வந்துவிட்டார். மேளம் கேட்டது.

"மழை வுட்டுடுச்சு எஸ்தர். ரெண்டு குதிரையாவது வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கட்டும். அந்தம்மா கேக்குறாங்க" என்றார் சார்.

சுண்டுவையும் பட்டாணியையும் அனுப்பியிருக்கலாம்தான். இரண்டும் நன்றாகவே இருந்தன. ஆனால் அவை போனால் ராணியின் இரண்டு பக்கமும் காலியாகும்.

"இல்ல சார். அனுப்ப முடியாது."

"நல்லாத்தான இருக்குதுங்க?"

"அதுங்க நல்லா இருக்குது. அதுங்க சூட்டுலதான் ராணி நின்னுக்கினு இருக்கா."

"நான் சொல்லியும் முடியாதுங்கறியா?"

"ஆமா சார்."

சார் உள்ளே வந்தார். ராணியின் போர்வைக்கு வெளியே தெரிந்த கழுத்தைத் தொட்டார். ஈறு வெளுத்திருந்ததைப் பார்த்தார். ஏகாம்பரம்தான் பேசினார். "வுடுப்பா. நான் சொல்லிக்கிறேன்." அவர் விருந்தினரிடம் போகவில்லை. நேரே தெருமுனைக்குப் போய், போலீஸ்காரர்களிடம் பேசி, தடுப்பை நகர்த்தச் செய்து, வேனை அந்த வீட்டு வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினார். தன் கடையின் ரிப்பன் வெட்டப்பட்டபோது அவர் அங்கே இல்லை.

வேன் வருவதற்குள், என் தோளில் தொங்கிக்கொண்டிருந்த கிழிந்த பட்டைச் சரஸ்வதி எடுத்து விரித்தார். பார்டரை விரலால் நீவினார்.

"இது நாங்க நெய்தது" என்றார்.

நான் அவர் விரலுக்கடியில் இருந்த பார்டரைப் பார்த்தேன்.

"குதிரைக்குன்னு சொல்லவே இல்ல. கடை தெறப்புல சாமி படத்துக்குச் சாத்தறதுக்குன்னு நெனச்சுக்கினு நெய்தோம்." கிழிசலை மடித்து உள்பக்கமாக வைத்து, துணியைத் தன் மடியில் போட்டுக்கொண்டார். என்னைக் குறை சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பிறகு ராணியின் நெற்றியைத் தடவி, "புல்லு தின்னுதா பாரும்மா" என்றார்.

ராணி தின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் டாக்டரம்மா பண்ணைக்கு வந்து ராணியை முழுக்கச் சோதித்தார். நுரையீரலில் சளி கட்டவில்லை. ஊசி போட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன், மறைக்க மாட்டேன்.

"பட்டை அறுத்தது சரி. நடைக்குக் கொண்டுபோனது சரி. ஆனா தேவராஜை வேனுக்கு அனுப்பிட்டு நீங்க ஒரு ஆளா மூணு குதிரையோட இருந்தது சரியில்லக்கா. அந்த அம்மா பயந்து கயிற வுட்டிருந்தா, ஒரு குதிரை தறிக்குள்ள போயிருந்தா? தறிக்குக் கீழ குழி இருக்குது. காலு முறிஞ்சிருக்கும். போர்வைக்கு வேற யாரையாவது அனுப்பி இருக்கணும். தெருவுல அவ்ளோ கூட்டம் இருந்ததே."

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. போர்வை எங்கே இருக்கிறது என்று பந்தல்காரரிடம் சொல்லியிருந்தால் அவரே எடுத்து வந்திருப்பார். ஒரு முடிவு நன்றாக முடிந்தது என்பதால் அதில் உள்ள எல்லாமே சரி என்று ஆகிவிடாது. அவர் எனக்குக் கற்றுக் கொடுத்ததிலேயே பெரியது அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பார்த்திபன் சார் கொட்டகைக்கு வந்தார். எல்லாரையும் கூப்பிட்டு, "இனிமே வெளில போனா, கயிறு யாரு கைல இருக்குதோ அவங்க சொல்றதுதான். நான் போன்ல இன்னா சொன்னாலும் சரி" என்றார். என் பக்கம் பார்க்காமலே போய்விட்டார். இன்றுவரை அந்த விதிதான். அது உங்களுக்கு மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். அது சுமை.

ராணி அதற்குப் பிறகும் பல ஐப்பசிகளைப் பார்த்தாள். வயதாகித்தான் போனாள், கொட்டகையில், வெயில் நாளில். சரஸ்வதியம்மா வீட்டுக்கு அவ்வப்போது போவேன். காப்பி கொடுப்பார். அந்தப் பட்டைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். கொஞ்ச நாளாக உங்களில் சிலர், "அக்கா, இங்க மேகமா இருக்குது, போர்வை போடலாமா?" என்று எனக்குப் போன் செய்கிறீர்கள். அன்புக்கு நன்றி. ஆனால் நான் இருப்பது பிள்ளையார்பாளையத்தில், மாடி வீட்டில். இங்கே வெயில் அடிக்கும்போது ஆற்றங்கரையில் மழை பெய்யும். என் பதிலை நம்பி நீங்கள் போட்டால், அது குதிரையைத் தொடாதவள் எடுத்த முடிவாக இருக்கும். அதனால் கேட்பதற்குக் கூப்பிடாதீர்கள். நீங்களே முடிவெடுத்து, போர்வை போட்டாலும் எடுத்தாலும் அதை முடித்த பிறகு, என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று சொல்வதற்குக் கூப்பிடுங்கள். தப்பாக இருந்தால் திட்டுவேன். எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
எஸ்தர்